சமையலறை விளக்குகள்: மேடைமீது நிழலின்றி ஒளி விழ எது ஏற்றது?

சமையலறையைப் புதுப்பிக்கத் திட்டமிடுவோர் பெரும்பாலும் அலமாரியின் நிறத்தையும் மேடைக் கல்லையும் முதலில் முடிவு செய்துவிட்டு, விளக்குகளை வேலை முடியும் தறுவாயில் தேடுகிறார்கள். அதற்குள் சுவர் பூசப்பட்டு ஒயர் செல்லும் குழாய்கள் மூடப்பட்டுவிடுவதால், எந்த விளக்கு நல்லது என்று கேட்க இடமின்றி, இருக்கும் இணைப்பில் எதை மாட்டலாம் என்று பார்க்கும் நிலை வந்துவிடுகிறது. ஆகவே இந்த ஒப்பீட்டைச் சுவரை உடைக்கும் முன்பே செய்துகொள்ள வேண்டும். இங்கே ஒவ்வொரு விளக்கையும் நான் முதலில் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: கத்தி பிடித்த கையின்மீது நிழல் விழாமல் அது எவ்வளவு வெளிச்சம் தருகிறது? தோற்றம் அதற்கு அடுத்தபடிதான்.

கூரையின் நடுவில் பொருத்தும் ஒற்றை விளக்கு, அது பேனலாயினும் குமிழ் விளக்காயினும், அமைக்க எளிது. ஏற்கெனவே இருக்கும் இணைப்பே போதும், அறை முழுவதும் ஒரே சீராகத் தெரியும். ஆனால் சமையல் மேடைகள் சுவரை ஒட்டி இருப்பதால், மேடையைப் பார்த்து நிற்பவரின் முதுகுக்குப் பின்னால்தான் அந்த விளக்கு எரிகிறது. அவருடைய தலையும் தோளும் வேலை நடக்கும் இடத்திலேயே நிழலாக விழுகின்றன. அதிக வாட் உள்ள விளக்கை மாட்டினால் இந்தக் குறை தீரும் என்று நினைப்பது தவறு. வெளிச்சம் கூடும்போது நிழலின் விளிம்பு இன்னும் தெளிவாகத் தெரியுமே தவிர, நிழல் மறையாது. பொது வெளிச்சத்துக்கு இது போதுமானது, வேலை வெளிச்சத்துக்குப் போதாது என்பது என் முடிவு.

கூரைக்குள் பதித்துக் கீழ்நோக்கி ஒளி வீசும் டவுன்லைட்டுகள் இந்தக் குறையைப் பாதி தீர்க்கின்றன; மீதிப் பாதி அவற்றைப் பதிக்கும் இடத்தைப் பொறுத்தது. மேடையின் ஆழம் வழக்கமாக 60 செ.மீ. என்பதால், சுவரிலிருந்து ஏறத்தாழ அதே தொலைவில், அதாவது மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே, விளக்கின் மையம் அமைய வேண்டும். அறையின் நடுப்பக்கம் நகர்த்தினால் மீண்டும் முதுகுப் பக்க வெளிச்சமே கிடைக்கும். சுவர்ப்பக்கம் நகர்த்தினால் மேல் அலமாரிகளின் தலையில் ஒளி வீணாகும். ஒளி விரியும் கோணத்தையும் பெட்டியின்மேல் பார்த்து வாங்க வேண்டும். விளக்குக்கும் மேடைக்கும் 1.7 மீட்டர் இடைவெளி இருந்தால், 36 பாகைக் கோணமுள்ள விளக்கு மேடைமீது சுமார் 1.1 மீட்டர் அகல வட்டத்தையும், 60 பாகை விளக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வட்டத்தையும் தரும். குறுகிய கோணத்தில் இடையிடையே இருள் திட்டுகள் தோன்றுவதால், சமையலறைக்கு அகன்ற கோணமே நல்லது. ஃபால்ஸ் சீலிங் இல்லாத வீட்டில், இதற்காகவே ஒன்றை அமைத்துக் கூரையைத் தாழ்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூரைக்கு வெளியே ஒட்டி நிற்கும் உருளை வடிவ விளக்குகள் அதே பணியைச் செய்கின்றன.

மேல் அலமாரியின் அடியில் பொருத்தும், நாடா போன்ற எல்இடி ஸ்ட்ரிப்தான் இந்தப் போட்டியில் உண்மையாக முன்னிற்பது. ஒளி நம் முகத்துக்கு முன்னாலிருந்து வருகிறது. மேடைக்கு அரை மீட்டர் உயரத்தில்தான் எரிகிறது. இடையில் தலை குறுக்கிடுவதில்லை. வெட்டும் இடத்தில் 500 லக்ஸ் (பரப்பின்மீது விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் இருப்பது நல்லது என்று கொண்டால், கூரை விளக்கால் கடினமாக எட்டப்படும் அந்த அளவை, மீட்டருக்குப் 10 வாட் அளவிலான ஸ்ட்ரிப்பே எளிதாகத் தந்துவிடும்.

ஆனால் எல்லா வகைகளிலும் கவனக்குறைவால் அதிகம் கெட்டுப்போவதும் இதுவே. முதலாவது, அலமாரி அடியில் பின்சுவரை ஒட்டிப் பொருத்தினால் சுவர் மட்டுமே பளிச்சிடும். முன்விளிம்பை ஒட்டிப் பொருத்தினால்தான் மேடை முழுவதும் ஒளி பரவும். இரண்டாவது, பளபளப்பான மேடைக் கல்லில் ஒவ்வொரு எல்இடியும் தனித்தனிப் புள்ளியாகப் பிரதிபலித்துக் கண்ணை உறுத்தும். பால்வண்ண மூடி கொண்ட அலுமினிய சட்டத்துக்குள் ஸ்ட்ரிப்பை அமைத்தால் அந்தப் புள்ளிகள் மங்கி ஒரே கோடாகும். அலுமினியம் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதும் எளிதாகும். மூன்றாவது, நீளமான மேடைக்கு 12 வோல்ட் ஸ்ட்ரிப்பைவிட 24 வோல்ட் ஸ்ட்ரிப் மேலானது. அதே வாட்டுக்குப் பாதி மின்னோட்டமே ஓடுவதால், கடைக்கோடியில் ஒளி மங்குவது வெகுவாகக் குறைகிறது. ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற மின்சாரத்தைத் தரும் டிரைவரை அடுப்புக்கு அருகிலோ காற்றுப் புகாத பெட்டிக்குள்ளோ ஒளித்து வைப்பதும் தவறு. வெப்பத்தில் அதன் உள்ளுறுப்புகளே முதலில் பழுதாகும் என்பதால், கழற்றி மாற்றக் கை எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

தொங்கு விளக்குகள் நடுமேடை உள்ள சமையலறைக்கு மட்டுமே பொருந்துவன. மேடைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் தொங்கினால் முகம் மறையாது, கண்ணும் கூசாது. அடுப்புக்கு அருகில் இவை வேண்டாம். கண்ணாடிக் கூண்டில் படியும் எண்ணெய்ப் படலத்தைத் துடைத்து மாளாது. கூரையில் பொருத்திய நீளச் சட்டத்தில் பல விளக்குகளை மாட்டும் ட்ராக் லைட்டுகளைப் பொறுத்தவரை, கூரையில் ஒரே ஓர் இணைப்பு மட்டும் இருந்து புதிய ஒயர் இழுக்க வழியில்லாத வீட்டுக்கு அவை நல்ல மாற்று என்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

எவ்வகை விளக்கானாலும் நிறத் துல்லியத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண்) 80 என்று அச்சிட்ட விளக்கு கூடத்துக்குப் போதலாம். சமையலறைக்கு 90 வேண்டும். அந்த எண் எட்டு மென்னிறங்களின் சராசரி மட்டுமே; அடர்சிவப்பு அந்தக் கணக்கில் சேர்வதில்லை. அதனால் 80 பெற்ற விளக்கின் கீழ் இறைச்சியும் பழமும் வெளிறித் தெரியக்கூடும்; பொருளின் புதுமையையும் வெந்த பதத்தையும் கண்ணால் அறிய முடியாமல் போகும். ஒளியின் நிறம் 3000 கெல்வினா 4000 கெல்வினா என்பது அவரவர் விருப்பம். 3000 இளமஞ்சள் கலந்து இதமாக இருக்கும். 4000 வெண்மையாகத் தெளிவு தரும். எதை எடுத்தாலும் கூரையிலும் அலமாரி அடியிலும் ஒரே எண் இருக்கட்டும். இரண்டும் வேறுபட்டால் ஒன்று அழுக்காகவும் மற்றொன்று நீலமாகவும் தோன்றும்.

வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் டிம்மர் வைக்க விரும்புவோர், பழைய இழை விளக்குகளுக்காகச் செய்த டிம்மரை எல்இடியுடன் இணைத்தால் மினுக்கலும் இரைச்சலும் வரக்கூடும் என்பதை அறிந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டிய விளக்குக்கு, நீர்த் தெறிப்பைத் தாங்கும் ஐபி 44 தரமாவது இருக்கட்டும்.

செலவைப் பகிர வேண்டிய நிலை வந்தால், அலமாரி அடி விளக்குக்கு நல்ல சட்டமும் நல்ல டிரைவரும் வாங்கிய பிறகே மீதியைக் கூரைக்கு ஒதுக்குங்கள். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கட்டும். மேல் அலமாரியே இல்லாத சமையலறையில் மட்டும் இந்த வரிசை மாறும். அங்கே முன்விளிம்புக்கு மேல் அமைந்த அகன்ற கோண டவுன்லைட்டுகளே முதன்மை. திறந்த பலகைத் தட்டு ஒன்றைச் சுவரில் பொருத்தும் எண்ணம் இருந்தால், அதன் அடியில் சட்டம் பதிக்கும் காடியைத் தச்சரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடலாம்.