பஸ் வாந்திக்கு நெல்லைக் கடைகளில் கிடைப்பவை: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்த மெடிக்கலில் போய் 'பஸ்ஸுக்கு வாந்தி மாத்திரை' என்று கேட்டாலும் பெரும்பாலும் கைக்கு வருவது அவோமின். அதிலிருக்கும் மருந்து புரோமெத்தசின் தியோக்ளேட், 25 மி.கி. வாங்குவது சரியான மாத்திரைதான், போடும் நேரம்தான் தப்பு. பஸ் கங்கைகொண்டான் தாண்டி, வாயில் எச்சில் ஊறி, கொட்டாவி மேல் கொட்டாவி வந்த பிறகு அட்டையைக் கிழிக்கிறார்கள். குமட்டல் தொடங்கியதும் இரைப்பை தன் சரக்கைக் கீழே தள்ளுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். மாத்திரை குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும், அடுத்த வாந்தியில் வெளியே வந்துவிடும். 'நமக்கு அவோமின் கேக்காது' என்று சொல்பவர்களில் பாதிப்பேர் கதை இதுதான்.

ராத்திரி 8 மணிக்குச் சென்னை பஸ் என்றால் 6.30 மணிக்கே ஒரு மாத்திரை. பெரியவர்களுக்கு ஒன்று போதும். விடியற்காலைப் பயணமென்றால் முந்தின இரவு படுக்கும்போதே போட்டுவிடலாம், வேலை நெடுநேரம் நிற்கும். குறையும் அதிலேயே இருக்கிறது: நல்ல தூக்கம், வறண்ட வாய், காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது மந்தம். இறங்கியதும் பைக் எடுக்க வேண்டியவர்களும், இன்டர்வியூவுக்குப் போகிறவர்களும் இதை யோசித்துவிட்டுப் போடவும். சளிக்காகச் செட்டிரிசினோ தூக்கம் வரவழைக்கும் சிரப்போ எடுத்தவர்கள் அதன் மேல் இதையும் போட்டால் மயக்கம் இரட்டிப்பாகும். மது கூடவே கூடாது. கண் நீரழுத்தம் உள்ளவர்கள், பிராஸ்டேட் தொந்தரவால் சிறுநீர் தடைப்படுகிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பிள்ளைகளுக்கு 5 முதல் 10 வயது வரை அரை மாத்திரை. அதற்குக் கீழே டாக்டர் சொன்னால் மட்டும். 2 வயதுக்குள் இந்த மருந்து மூச்சையே தளர்த்திவிடும் என்பதால் கொடுக்கவே கூடாது.

டைமென்ஹைட்ரினேட் 50 மி.கி. இன்னொரு ரகம். அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட்டால் போதும், நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். பாபநாசத்திலிருந்து காரையாறு, செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவு தாண்டிப் புனலூர் போன்ற குறுகிய மலைப் பயணங்களுக்கு அவோமினை விட இது தோது. சென்னை வரை என்றால் நடுராத்திரி எழுந்து இன்னொன்று போட வேண்டும், யார் எழுவார்கள்? சின்னரிசின் 25 மி.கி. தூக்கம் சற்றுக் குறைவாகத் தரும், ஆனால் இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். கைநடுக்கம் உள்ள வயசாளிகளுக்கு அது வேண்டாம், நடுக்கத்தைக் கூட்டும்.

வாங்கவே வேண்டாத ஒன்று: ஆன்டான்செட்ரான். போன தடவை பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது வாங்கியது மிச்சம் கிடக்கிறதென்று பைக்குள் போட்டுக்கொண்டு வருவார்கள். கெட்ட சாப்பாட்டு வாந்திக்கும் கீமோ வாந்திக்கும் அருமையான மருந்து. பஸ் வாந்தி வேறு வழியில் வருகிறது: உள்காது ஆட்டத்தைச் சொல்கிறது, கண் எதிர் சீட்டின் முதுகைப் பார்த்து 'அசையவில்லை' என்கிறது, இந்தச் சண்டையில் மூளை ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற ரசாயனங்கள் வழியாக வயிற்றைப் புரட்டுகிறது. ஆன்டான்செட்ரான் மறிப்பது செரட்டோனின் என்ற வேறொரு ரசாயனத்தை, அதனால் இங்கே பெரிதாகக் கேட்காது. டாம்பெரிடோனும் இங்கே அப்படித்தான், பெரிதாக உதவாது.

இஞ்சி முரப்பாவுக்குப் பத்துக்கு ஐந்து கொடுக்கலாம். இஞ்சிக்குக் கொஞ்சம் சக்தி உண்டு. ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் சோதித்தது ஒரு கிராம் அளவு சுக்குத்தூள், அதிலும் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. கடை முரப்பாவில் பெரும்பங்கு சர்க்கரை. அதற்கு வீட்டுச் சுக்கை இடித்து, கருப்பட்டி போட்டு ஒரு டம்ளர் கொதிக்கவைத்துக் கிளம்பும் முன் குடிப்பது மேல். எலுமிச்சம்பழம் மருந்தல்ல, ஆனால் டீசல் வாடையையும் பின்சீட்டுக்காரர் பிரித்த பரோட்டாப் பொட்டலத்தையும் மறைக்கும். அந்த அளவில் காசுக்கு மோசமில்லை. நகத்தால் தோலைக் கீறி வைத்துக்கொள்ள வேண்டும், முழுப்பழத்தை மோந்து பயனில்லை.

மணிக்கட்டுப் பட்டை (குமட்டலுக்கென்று விற்கும், குமிழ் வைத்த பட்டை): உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு நரம்பு போலத் துருத்தும் தசைநார்களுக்கு நடுவில் குமிழ் அழுந்த வேண்டும். இரண்டு கையிலும். வாட்ச் மாதிரி மடிப்பிலேயே கட்டினால் வெறும் ரப்பர்தான். சரியாகக் கட்டினாலும் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்க்கலாம், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும் விடக் காசில்லாமல் கிடைப்பது சீட். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்தால் தூக்கிப்போடுவது குறைவு. பின்சக்கரத்துக்குப் பின்னால் போகப் போக மோசம், கடைசி வரிசை பஸ் வாந்திக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. வரிசைக்கு நாலு சீட் என்றால் 9 முதல் 20 வரை பாருங்கள்; எண் போடும் முறை வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் படத்தைப் பார்த்தே புக் செய்யவும். முதல் வரிசையில் ரோடு நன்றாகத் தெரியும், ஆனால் டிரைவர் ஏற்றும் ஊதுபத்தியும் மல்லிகைச் சரமும் மூக்குக்கு நேரே இருக்கும். ஸ்லீப்பரில் கீழ் பெர்த், நடுப்பகுதி. மேல் பெர்த் ஒவ்வொரு திருப்பத்திலும் அதிகமாக ஊஞ்சலாடும். பெரிய ஏர் சஸ்பென்ஷன் வண்டி சொகுசுதான், ஆனால் மெதுவாக, ஐந்து வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் அசையும் ஆட்டம்தான் குமட்டலை அதிகம் கிளப்புவது. தடதடக்கும் பழைய வண்டியில் முதுகு வலிக்கும், வயிறு புரளாது என்று சிலர் சொல்வதில் நியாயம் உண்டு.

மதுரை, திருச்சி வழி நாலுவழிச் சாலையில் வளைவு குறைவு. அங்கே வாந்தி எடுக்கவைப்பது கையிலிருக்கும் செல்போனும் வயிற்றிலிருக்கும் சாப்பாடும். போனை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாலே பாதி அடங்கும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறுவது நேர் எதிர். அங்கே கண்ணைத் திறந்து முன்னால் வரும் வளைவைப் பார்க்க வேண்டும். கிளம்பும் முன் இட்லி இரண்டு மூன்று போதும். வெறும் வயிறும் ஆகாது, சொதியும் சால்னாவும் ஆகாது. அல்வாப் பொட்டலம் சென்னைக்காரர்களுக்கு, அதைப் பஸ்ஸில் பிரிக்க வேண்டாம்.

வாந்தி எடுக்கும் கவர் விஷயம். 2019 ஜனவரியில் கேரி பேக் தடை வந்த பிறகு கடைகளில் தருவது துணிப்பையும் காகிதப்பையும், இரண்டும் ஒழுகும். ஒரு கிலோ பருப்பு வந்த கனத்த கவரை மேலே கத்தரித்து, ஊதிப்பார்த்து ஓட்டையில்லை என்று தெரிந்தபின் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கவும். விளிம்பை இரண்டு விரல் அளவு வெளிப்பக்கம் மடித்தால் இருட்டிலும் வாய் விரிந்து நிற்கும். உள்ளே பழைய தினசரித் தாள் ஒன்று கசக்கிப் போட்டால் சிந்தாது. ஜன்னலில் தலை நீட்டுவது எதிர்வண்டியால் தலைக்கும் ஆபத்து, பின்சீட்டுக்காரர் சட்டைக்கும் ஆபத்து.

வாந்தி வந்துவிட்டால் உடனே தண்ணீரை மடமடவென்று குடிக்க வேண்டாம், அதுவும் வெளியே வரும். பத்து நிமிடம் கழித்து வாய் கொப்புளித்து, ஒரு லிட்டரில் கரைத்த ஓஆர்எஸ்ஸை மடக்கு மடக்காக. பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகும். ஒரு லிட்டர் பாட்டிலில் வீட்டிலேயே கரைத்து எடுத்துவந்தால் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடலாம்.