செம்பூர் குடியிருப்பில் தீப் பாதுகாப்பு ஆய்வு: கருவிச் சோதனை சிறப்பு, வெளியேற்றத் திட்டம் போதாது

மகாராஷ்டிரத்தின் 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்பு, உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கட்டடத்தின் தீயணைப்பு ஏற்பாடுகள் நல்ல நிலையில் இயங்குகின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சான்று வாங்கித் தர வேண்டும். மும்பையில் இதற்கு 'ஃபார்ம் பி' என்று பெயர். செம்பூரில் 14 மாடிகள் கொண்ட எங்கள் குடியிருப்புச் சொஸைட்டி இந்த ஜூலையில் அந்தப் பணியை உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. மற்றவர்கள் கேட்டதைவிடக் கட்டணம் கூடுதல்தான். ஆனால், தீயணைப்பு சிலிண்டர்களில் புதுச் சீட்டு ஒட்டிவிட்டுச் சான்றிதழை நீட்டும் வழக்கத்தைப் பார்த்துச் சலித்திருந்த எங்களுக்கு, இவர்கள் வேலை செய்த விதம் மிகுந்த நிறைவைத் தந்தது.

வந்த பொறியாளர் முதலில் சென்றது பம்ப் அறைக்கு. அங்கே பிரதான பம்பின் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இல்லாமல் 'மேனுவல்' நிலையில் இருந்தது. குழாயில் அழுத்தம் சற்றே குறைந்தால் ஜாக்கி பம்ப் என்ற சிறிய பம்ப் அதை ஈடுசெய்யும். மாடியில் யாராவது ஹைட்ரன்டை, அதாவது தீயணைப்புக் குழாயின் நீர்வாயை, திறந்து அழுத்தம் சட்டென்று இறங்கினால் பிரதான பம்ப் தானாகவே ஓடத் தொடங்கும். சுவிட்ச் மேனுவலில் கிடந்தால், ஒருவர் கீழே ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தும்வரை மேலே நிற்பவருக்குப் போதிய தண்ணீர் வராது. அதைச் சரிசெய்தபின் மொட்டை மாடிக்குச் சென்று, கடைசி ஹைட்ரன்டில் அளவுமானியைப் பொருத்தித் திறந்து பார்த்தார். தேசியக் கட்டட விதித்தொகுப்பு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ அழுத்தம் கேட்கிறது. முள் இரண்டைத் தாண்டவில்லை. பம்புக்குத் தண்ணீர் வரும் குழாயின் வடிகட்டியில் சேறு அடைத்திருந்தது. அதை நீக்கி, மறுபடியும் அளந்து, முள் 3.5-ஐக் கடந்ததை எங்கள் செயலாளருக்குக் காட்டிய பிறகே கையொப்பமிட்டார். இந்த ஒரு சோதனைக்காகவே இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

புகையைப் பற்றியும் அக்கறையோடு பேசினார்கள். 2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில்ஸ் வளாகத் தீவிபத்தில் மாண்ட 14 பேரில் பெரும்பாலோர் மூச்சுத்திணறியே இறந்தார்கள் என்பது இந்நகரத்தார் அறிந்ததே. புகை மற்ற தளங்களுக்குப் பரவ வழிவிடும் இடங்களாக, எங்கள் மின்கம்பிகள் மேலே செல்லும் டக்டில் ஒவ்வொரு தளத்திலும் கம்பிகள் நுழையும் ஓட்டைகள் அடைக்கப்படாமல் இருப்பதையும், மாடிப்படிக் கதவுகள் மூடாதபடி பூந்தொட்டிகள் முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருப்பதையும் புகைப்படத்துடன் அறிக்கையில் சேர்த்தார்கள்.

வெளியேற்றத் திட்டத்தில்தான் பெரிய குறை. எல்லாத் தளங்களிலும் ஒரே வரைபடத்தை, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும், ஒட்டிச் சென்றார்கள். ஒத்திகையை வேலைநாளின் காலைப்பொழுதில் வைத்து, முதியவர்கள் இறங்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள். ஒன்பதாம் மாடியில் வாக்கர் பிடித்து நடக்கும் மாமி ஒருவர் என்னிடம், "லிஃப்டில் போகக்கூடாது என்கிறார்களே, நான் எப்படிப்பா இறங்குவேன்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாத திட்டத்தைத் திட்டம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. இவரைப் போன்றவர்களுக்காகத்தானே உயரமான கட்டடங்களில் தீயின்போது ஒதுங்கிக் காத்திருக்கும் ரெஃப்யூஜ் ஏரியா விடவேண்டும் என்று விதியே இருக்கிறது? எங்கள் கட்டடத்தில் அது எட்டாம் மாடியில், அவர் வீட்டுக்கு ஒரே ஒரு தளம் கீழே இருக்கிறது; இருவர் கைகொடுத்தால் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிடலாம். அந்த இடத்திலோ உடைந்த நாற்காலிகளும் கணபதி பந்தலின் மூங்கில்களும் அடைந்து கிடக்கின்றன. அறிக்கை அதை ஒற்றை வரியில் கடந்துபோகிறது. யார் வீட்டில் நடக்க இயலாதவர் இருக்கிறார், அவரை அழைத்துச் செல்லும் அண்டை வீட்டார் யார், இரவுக் காவலாளி தீயணைப்புத் துறையின் 101-ஐ அழைத்த பிறகு எந்தச் சாவியுடன் எங்கே நிற்க வேண்டும் என்பவையெல்லாம் எழுத்தில் இருந்திருக்க வேண்டும். வாசலில் நிறுத்தப்படும் கார்கள் தீயணைப்பு வண்டியை மறிப்பதையும் அவர்கள் குறிப்பிடவில்லை.

இவற்றைக் கடிதமாக எழுதியபோது மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, தளவாரியாகத் தமிழ், மராத்தி, இந்தி வரைபடங்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரிப் பணியையும் இவர்களிடமே கொடுத்திருக்கிறோம். இரவு நேர ஒத்திகையும், உதவி தேவைப்படுவோர் பட்டியல் தயாரிப்பதும் இம்முறை ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. ரெஃப்யூஜ் ஏரியாவைக் காலிசெய்வது எங்கள் பொறுப்பு. அதற்குக் குழு நாள் குறித்துவிட்டது.