ரீ-வோல்ட்: பொம்மைக் காரின் எடை தெரியும் பந்தயம்

அக்லெய்ம் நிறுவனத்தின் லண்டன் பிரிவு உருவாக்கி 1999-இல் வெளியான ‘ரீ-வோல்ட்’, ரிமோட் கன்ட்ரோல் பொம்மைக் கார்கள் ஒன்றையொன்று முந்தியும் தாக்கியும் ஓடும் பந்தய வீடியோ விளையாட்டு. கணினிக்கும், பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட் ஆகிய விளையாட்டுக் கருவிகளுக்கும் வந்த இது, 2022-இல் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் மறுபடியும் விற்பனைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அதற்கு முதற்காரணம், கார்கள் நகரும் விதம்.

பெரும்பாலான பந்தய விளையாட்டுகளில் கார் தரையில் ஒட்டியபடி வழுக்கிச் செல்லும். இங்கே ஒவ்வொரு காருக்கும் தனி எடையும் பிடிமானமும் உண்டு. முழு வேகத்தில் திருப்பினால் உள்பக்கச் சக்கரங்கள் தூக்கிக்கொள்கின்றன. நடைபாதையின் விளிம்பில் லேசாக உரசினாலே கார் குப்புறக் கவிழ்ந்து, சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுழல்கின்றன. நிமிர்த்துவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திக் கார் எழுவதற்குள் இரண்டு பேர் கடந்து போயிருப்பார்கள். ஆகவே, எங்கே வேகத்தைக் குறைப்பது என்பதைக் கற்றுக்கொள்வதுதான் இதில் உண்மையான தேர்ச்சி.

கார்கள் பொம்மை அளவுதான் என்பதைத் தடங்களும் மறப்பதேயில்லை. முதல் தடமான குடியிருப்புத் தெருவில் வழியில் கிடக்கும் பந்து, மோதினால் உருண்டு பின்னால் வருபவரையும் தடுக்கும் பெரிய தடையாகிவிடுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிகளுக்கு இடையே பாயும்போது பொருள்கள் இருபுறமும் மாடிக் கட்டடங்களாக உயர்ந்து நிற்கின்றன. அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா, கௌபாய் படங்களில் வருவதுபோன்ற ஆளில்லா ஊர், சொகுசுக் கப்பல் என இடங்கள் மாறினாலும், தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் உலகைப் பார்க்கும் உணர்வு கடைசி வரை குலைவதில்லை.

தடத்தில் ஆங்காங்கே இருக்கும் மின்னல் வடிவக் குறியைத் தொட்டால் ஏதேனும் ஓர் ஆயுதம் கிடைக்கும். எதிரியைத் தேடிச் செல்லும் வாணவெடி, தண்ணீர் பலூன், எண்ணெய்ப் படலம், கனமான இரும்புக் குண்டு என எல்லாமே விளையாட்டுப் பொருள் பெட்டியிலிருந்து எடுத்தவைபோல இருப்பது பொருத்தமான கற்பனை. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது வெடிகுண்டு: அது நம் காரில் ஒட்டிக்கொண்டதும், வெடிப்பதற்குள் இன்னொரு காரை முட்டி அதன் தலையில் கட்டிவிட வேண்டும். அதுவரை விலகி ஓடியவர் திடீரெனத் துரத்துபவராகவும், துரத்தியவர் தப்பியோடுபவராகவும் மாறும் அந்தச் சில நொடிகளில் பந்தயத்தின் போக்கே தலைகீழாகிறது. மின்னல் குறியைப் போலவே தோன்றித் தொட்டவுடன் வெடிக்கும் போலிக் குறியும் உண்டு. முன்னே செல்பவர் அதைப் போட்டுவிட்டுப் போவதால், கிடைக்கும் குறியை எடுப்பதா வேண்டாமா என்ற சந்தேகம் ஓட்டுபவர் மனத்தில் எப்போதும் இருந்துகொண்டேயிருக்கும்.

குறைகளும் இருக்கின்றன. எந்த ஆயுதம் கிடைக்கும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது; நன்றாக ஓட்டி வந்தவர் கடைசி வளைவில் ஒரு வாணவெடியால் பின்தங்குவது நியாயமாகப் படவில்லை. குறுகலான உள்ளறைகளில் கேமரா சுவரோடு நெருங்கி, போகும் திசையை மறைக்கிறது. புதியவர்களுக்குக் கட்டுப்பாடு கடினமாகத்தான் இருக்கும். விசைப்பலகையில் சக்கரம் ஒரேயடியாகத் திரும்பிவிடுவதால், சாய்க்கும் அளவுக்கேற்பக் காரைத் திருப்பும் அனலாக் குச்சியுள்ள கேம்பேட் (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது.

வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என நான்கு கோப்பைகளை வெல்ல வெல்லப் புதிய கார்கள் திறக்கின்றன. தொடக்கத்திலேயே கிடைக்கும் சாதுவான ‘ஆர்சி பேண்டிட்’ காரில் பழகியவருக்கு, பின்னால் கிடைக்கும் வேகமான கார்கள் தொடக்கத்தில் அடங்கவே மாட்டா. தடங்களை நாமே அமைக்கும் வசதியும் உண்டு. இவை அலுத்துவிட்டால், ரசிகர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கும் ‘ஆர்விஜிஎல்’ பதிப்பை நிறுவிக்கொள்ளலாம். அது இன்றைய விண்டோஸ், லினக்ஸ் கணினிகளிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஓடுகிறது. ரசிகர்களே செய்த எண்ணற்ற கார்களையும் தடங்களையும் அதில் சேர்த்து, இணையத்தின் வழியே நண்பர்களோடு பந்தயம் விடலாம்.