படுக்கை, பெல்ட், கரண்ட், பயிற்சி: இடுப்பு வலிக்கு எது உண்மையில் உதவுகிறது?

போன வருடம் காஸ் சிலிண்டரை நகர்த்தும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. 14.2 கிலோ என்பது உள்ளே இருக்கும் காஸ் மட்டும்தான், இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். குனிந்தபடியே லேசாகத் திரும்பி ஒரு இழுப்பு இழுத்தேன், அவ்வளவுதான், அடுத்த மூன்று நாள் பல் தேய்க்கக்கூட வாஷ்பேசின் பக்கம் குனிய முடியவில்லை. அத்தை "அசையாம படு" என்றார், பக்கத்து வீட்டு அண்ணன் தன் பெல்ட்டையே கழற்றிக் கொடுத்தார், கிளினிக்கில் பத்து நாள் மெஷினில் கரண்ட் வைக்கச் சொன்னார்கள். அதே சமயம் அம்மாவுக்கும் சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் நரம்பு வலி. ஆக எல்லா வழியையும் வீட்டிலேயே பார்த்துவிட்டேன், அப்புறம் நிறையப் படிக்கவும் செய்தேன்.

முதலில் படுக்கை. 1986-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வில் சிலரை இரண்டு நாளும் சிலரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் குழு சீக்கிரம் வேலைக்குத் திரும்பியது, மற்றபடி குணமானதில் வித்தியாசமே இல்லை. 1995-ல் ஹெல்சிங்கியில் வலி புதிதாக வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: இரண்டு நாள் படுக்கை, முதுகுப் பயிற்சி, வலி விடுகிற அளவுக்கு அன்றாட வேலை. மூன்றாவது கூட்டம்தான் முந்தியது. வலி சூடாக இருக்கும் முதல் நாட்களில் பயிற்சியைக்கூட வழக்கமான நடமாட்டம் தோற்கடித்திருக்கிறது, இதைக் கவனியுங்கள். முதல் இரண்டு நாள் கொஞ்சம் சாய்ந்துகொள்வது தப்பில்லை, வாரக்கணக்கில் படுத்தால் முதுகைத் தாங்கும் தசைதான் தளரும்.

பெல்ட்டும் கரண்ட்டும் எனக்கு ஒரே வகை. இரண்டும் நம் உடம்புக்கு வெளியிலிருந்து செய்யப்படுபவை, செய்யும்போது சுகமாக இருக்கும், வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் பழைய கதை. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-லேயே பெல்ட், இடுப்பை இழுத்துவைக்கும் ட்ராக்‌ஷன், ஒலி அலை வைக்கும் அல்ட்ராசவுண்ட், கரண்ட் வைக்கும் ஐஎஃப்டி இதையெல்லாம் சாதாரண இடுப்பு வலிக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நாள்பட்ட வலிக்கு பெல்ட்டும் ட்ராக்‌ஷனும் அல்ட்ராசவுண்டும் வேண்டாம் என்றது. எலும்பு முறிவுக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு டாக்டர் போடச் சொல்லும் பெல்ட் வேறு விஷயம், அதைக் கழற்றாதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் தாராளமாகக் கொடுக்கலாம், செலவும் இல்லை. ஆனால் பத்து நாள் கரண்ட் வைத்து ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தராமல் அனுப்பினார்களே, அந்தப் பத்து நாளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

சரி, பயிற்சி. இங்கேதான் உண்மையான போட்டி, ஏனென்றால் ஒன்றுக்கொன்று நேர் எதிரான பயிற்சிகள் இருக்கின்றன.

முதுகைப் பின்னால் வளைப்பது மெக்கென்சி முறை. 1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால் வரை வலி இறங்கிய ஒருவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு வெளியே போயிருக்கிறார். மேசையின் தலைப்பக்கம் உயர்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தால் முதுகு பின்னால் வளைந்து கிடக்கிறார், ஆனால் பல நாளாக இருந்த கால் வலி போய்விட்டது என்கிறார்! அம்மாவுக்கு நடந்ததும் இதுவேதான். வேறொரு பிசியோ அவரைக் குப்புறப் படுக்க வைத்து, உள்ளங்கையை ஊன்றி மேல் உடம்பை மட்டும் பத்து முறை எழுப்பச் சொன்னார், இடுப்பு கட்டிலிலேயே இருக்க வேண்டும்.

"இப்ப வலி எங்க இருக்கும்மா?"

"கெண்டைக்கால்ல இல்ல, தொடைக்கு வந்திருச்சு. ஆனா இடுப்புல கூடின மாதிரி இருக்கே."

"அது நல்லதுதான்மா. காலை விட்டு மேலே ஏறினா சரியான திசையில போறோம். கீழே இறங்கினா உடனே நிறுத்திடுங்க."

இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் போதும், பாதி பயம் போய்விடும்.

முன்னால் மடக்கும் பயிற்சியை 1937-ல் பால் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் கொண்டுவந்தார்: மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது. கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கனத்து, உட்கார்ந்ததும் சுகமாகிறது என்று சொல்லும் வயதானவர்களுக்கு, அதாவது தண்டுவடப் பாதை குறுகியவர்களுக்கு, பெரும்பாலும் இதுதான் ஒத்துவரும். அவர்களைப் பின்னால் வளைத்தால் வலி கூடத்தான் செய்யும். யூடியூபில் ஒரே வீடியோவைப் பார்த்து வீடே செய்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

எனக்கு உதவியது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில்லின் மூன்று பயிற்சிகள். அவற்றில் பிடித்தது, நாலு காலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது. இடுப்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தக்கூடாது என்று நினைத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஒரு பிடி பத்து நொடிக்கு மேல் வேண்டாம், நேரத்தைக் கூட்டுவதை விட எண்ணிக்கையைக் கூட்டுவதே அவர் வழி. அடிக்கடி பிடித்துக்கொள்ளும் இடுப்புக்கு இது நல்ல காவல்.

ஆனால் திரும்ப வராமல் தடுப்பதில் நான் நடைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். சிட்னியின் மக்வாரி பல்கலைக்கழகக் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், வலி வந்து குணமான 701 பேரில் பாதிப்பேருக்கு பிசியோவின் வழிகாட்டலோடு படிப்படியாக நடை கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பது இலக்கு. அடுத்த வலி வருவதற்கான இடைவெளி நடந்தவர்களுக்கு 208 நாள், மற்றவர்களுக்கு 112 நாள். இவை நடுமதிப்புகள், அதாவது பாதிப்பேருக்கு அதற்குள் வலி திரும்பியிருந்தது. ஒரு செருப்பைத் தவிர என்ன செலவு இதற்கு?

எம்ஆர்ஐயில் "டிஸ்க் பல்ஜ்", அதாவது முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது என்று வந்ததும் கலங்கிவிடாதீர்கள். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும், 80 வயதில் 84 சதவீதத்தினருக்கும் அது இருப்பதாக 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. மாறாக, சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் இழுபட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சலோடு வரும் முதுகு வலியையும் தள்ளிப்போடாதீர்கள்.

பிசியோவிடம் போகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: முன்னால் குனிந்தால் எனக்கு வலி கூடுகிறதா, பின்னால் வளைந்தால் கூடுகிறதா என்று பார்த்தீர்களா? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? எப்போது நிறுத்த வேண்டும்? இதற்குப் பதில் வராமல் நேராக மெஷின் பக்கம் கூட்டிப்போனால், நான் இரண்டாம் நாள் வேறு பிசியோவைத் தேடுவேன்.