கிரியாட்டினினா, சிஸ்டாட்டின் சியா?

குடல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு, சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 0.8 (மி.கி./டெ.லி., அதாவது நார்மல்) என்று வந்தால் உடனே நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அது தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வடிக்காவிட்டால் ரத்தத்தில் ஏறும். வருடக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாகவே ஊட்டம் ஏற்றி, கையும் தொடையும் குச்சியாகிப் போனவருக்கு அது லேசில் ஏறாது, சிறுநீரகம் பாதி படுத்துவிட்டாலும் ரிப்போர்ட் 'நார்மல்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தப் பயம் சும்மா இல்லை. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிறுநீரகம் தவிர்த்த உறுப்பு மாற்றங்களிலேயே நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அதிகம் வந்தது குடல் பெற்றவர்களுக்குத்தான்: 5 ஆண்டுகளில் 21.3 சதவீதம். புதுக் குடலை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ஒரு பக்கம் சிறுநீரகத்தை இடிக்கிறது, ஸ்டோமா பையில் (வயிற்றில் திறந்துவைத்த குடல் வாயில் மாட்டும் பை) தண்ணீரும் உப்பும் கொட்டுவது இன்னொரு பக்கம்.

சரி, சிறுநீரகத்தை அளக்க ரத்தத்தில் பார்க்கும் இன்னொன்றான சிஸ்டாட்டின் சி? உட்கரு உள்ள எல்லாச் செல்களும் உண்டாக்கும் புரதம், தசையை அவ்வளவாக நம்பியிருக்காது, மெலிந்தவருக்கு இதுதான் மேல். ஆனால் ஸ்டீராய்டு அதிகம் ஓடும்போதோ தைராய்டு கூடினாலோ இதுவும் பொய்யாக ஏறும், விலையும் கூடுதல். என்னைக் கேட்டால், வாராவாரம் ஏற்ற இறக்கம் பார்க்கக் கிரியாட்டினின் போதும். மருந்தின் அளவை முடிவு செய்யும் நாளில் இரண்டையும் சேர்த்துப் போட்ட சிறுநீரக வடிகட்டும் திறனின் கணக்கைக் (eGFR) கேளுங்கள்.