கேமராவோடு சுற்ற டோக்கியோவா, ஒசாகாவா?

ஜப்பானின் கடைத்தெருக்களையும் இரவுக் கூட்டத்தையும் படமெடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சந்தைக்கு டோக்கியோ, இரவுக்கு ஒசாகா.

சந்தை என்றால் டோக்கியோவின் அமேயோகோவை அடிக்க ஆளில்லை. உவேனோ, ஒகாச்சிமாச்சி ரயில் நிலையங்களுக்கு நடுவே தண்டவாளத்தை ஒட்டியே நீளும் தெரு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கள்ளச்சந்தை நடந்த இடம். தொண்டை கிழியக் கூவும் மீன்கடைக்காரர், அட்டையில் கொட்டை எழுத்தில் விலை, பக்கத்தில் ரயில் பாலம் என எல்லாமே ஒரே ஃப்ரேமில் வரும். மாலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள். ஒசாகாவின் குரோமோன் கூரை போட்ட சந்தை. மழை நாளில் கைகொடுக்கும், அவ்வளவுதான். வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி. மாலையிலேயே பல கடைகள் மூடிவிடும்.

இரவில் கதை மாறுகிறது. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் உள்ள கோல்டன் கய் ஆறு குறுகிய சந்துகள். அவற்றில் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி மதுக்கடைகள். பார்த்ததும் கை கேமராவுக்குப் போகும். ஆனால் அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது என்று அங்கேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதை மதித்தே ஆகவேண்டும். ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் இடித்து உட்காரும் கடையில், வேலை முடிந்து வந்தவரின் முகத்தை வாசலில் நின்று எடுத்துக்கொண்டு போவது நியாயமே இல்லை. உள்ளே போய் ஒரு பானம் வாங்கி, அப்புறம் கேளுங்கள். மறுத்தால் சரி என்று விட்டுவிடுங்கள்.

ஒசாகாவின் கால்வாயோரக் கேளிக்கைப் பகுதியான டோட்டோன்போரியில் இந்தச் சங்கடம் குறைவு. அங்கே காட்சியே விளம்பரப் பலகைகள்தான். கிளிகோ என்ற மிட்டாய் நிறுவனத்தின் பலகையில் உள்ள ஓட்டக்காரர் 2014 முதல் எல்.ஈ.டி.யில் ஒளிர்கிறார். எபிசு பாலத்திலிருந்து எல்லோரும் எடுக்கும் படத்தை எடுத்த பிறகு, கால்வாயோரப் பாதைக்கு இறங்குங்கள். தண்ணீரில் நிறங்கள் நெளியும். கைப்பிடிச் சுவரில் கேமராவை ஊன்றினால் முக்காலியே தேவையில்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நம் ஊரைப் போலவே டோக்கியோவிலும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. குழல்விளக்கு இதற்கேற்பத் துடிக்கும். குழல்விளக்கு வெளிச்சத்தில் படத்தில் பட்டை விழாமலிருக்க, டோக்கியோவில் ஷட்டர் வேகம் 1/100, ஒசாகாவில் 1/60 அல்லது 1/125 வையுங்கள். எல்.ஈ.டி. பலகைகளுக்கு இந்தக் கணக்கு எப்போதும் பொருந்தாது. ஒரு படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு தெரிந்தால் வேகத்தை இன்னும் குறையுங்கள்.