பாதுகாப்புச் செலவில் எதை வெட்டுவது? மலைச்சரிவிலிருந்து நான்கு வழிகளை ஒப்பிட்டால்

பாதுகாப்பு என்ற ஒரே சொல்லைத்தான் தமிழில் இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். நாட்டின் எல்லையைக் காப்பதும் பாதுகாப்பு. அடைமழையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னாலுள்ள மேடு இறங்காமல் பிள்ளைகள் தூங்கி எழுவதும் பாதுகாப்பு. முதலாவதன் பெயரில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சுக்கு 2025ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 442 பில்லியன் ரூபாய். அதில் மிகப் பெரிய பங்கு மீண்டெழும் செலவு: சம்பளம், படி, சாப்பாடு, சீருடை, எரிபொருள். ஆயுதமும் கப்பலும் வாங்கும் மூலதனச் செலவு அதற்குப் பக்கத்தில் சிறியது. வெட்டு பற்றிப் பேசும்போது இந்த விகிதத்தை மறந்தால் கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை இடைநிறுத்திய பிறகு, குறைக்க வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. எதைக் குறைப்பது என்பதில்தான் சண்டை. பேச்சில் அடிபடும் வழிகள் நான்கு. அமைச்சின் எல்லாச் செலவுத் தலைப்புகளிலும் ஒரே வீதத்தில் வெட்டுவது ஒன்று. ஆட்களைத் தொடாமல் கொள்வனவையும் பராமரிப்பையும் வெட்டுவது இன்னொன்று. தரைப்படையின் ஆளணியை, அதாவது ஆள் எண்ணிக்கையை, குறைப்பது மூன்றாவது. எதையும் வெட்டாமல், இருக்கும் படையினரை அனர்த்த மீட்பு, வீடமைப்பு, விவசாயம் என்று திருப்பிவிடுவது நான்காவது.

மலையகத்தில் அதிகம் காதில் விழுவது நான்காவதுதான். "மண் சரிந்தால் வந்து தோண்டுவது ஆமிதானே, அவங்களைக் குறைச்சா நமக்கு யார் வருவா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது நாட்கணக்கில் சேற்றில் நின்று தேடியவர்கள் படையினர். அதனால் நான்கு வழிகளையும் முதலில் அங்கேயே வைத்துச் சோதிப்போம்.

ஒரு மழை இரவில்

மண்சரிவில் உயிரைக் காப்பது சரிவுக்கு முந்தைய சில மணிநேரம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல்படி 24 மணிநேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணிநேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான். இந்தக் கட்டத்தில் தேவைப்படுவது மழைமானி, அதைப் படிக்கும் ஆள், தோட்ட அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தமிழில் போய்ச் சேரும் ஒரு செய்தி, ஏறிப்போகத் திறந்திருக்கும் ஒரு பாடசாலைக் கட்டடம்.

பிழை நேர்வதும் இங்கேதான். ஒரு மலைமுகட்டின் இந்தப் பக்கம் பெய்யும் மழை அந்தப் பக்கம் பெய்வதில்லை. மானி தவறான பக்கத்தில் இருந்தால் எண் பொய் சொல்லும். காலை வாசிப்பை மட்டும் நம்பினால் இரவு பத்து மணிக்குக் கொட்டியது மறுநாள்தான் கணக்குக்கு வரும். பல நாள் நனைந்து ஊறிய மண் 150 வரை காத்திருக்காது. மின்சாரம் போய், தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் இறங்கிவிட்டால் எச்சரிக்கை கொழும்பிலேயே நின்றுவிடும்.

இந்த மணிநேரங்களில் ஒரு காலாட்படைச் சிப்பாய்க்கு வேலையே இல்லை. மீரியபெத்தைச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பற்றாக்குறையாக இருந்தது படையினர் அல்லர். குடும்பங்களை இறக்கிக் குடியமர்த்தப் பாதுகாப்பான காணி. அது சரிவுக்குப் பிறகுதான் கிடைத்தது: பூனாகலை, மக்கல்தெனியவில் 75 வீடுகள், 2016இல்.

முதல் வழியின் கேடும் இங்கே வெளிப்படுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும், வளிமண்டலவியல் திணைக்களமும், மேற்சொன்ன ஆராய்ச்சி நிறுவனமும் இந்த ஆண்டுகளில் பாதுகாப்பு அமைச்சின் கீழேதான் வைக்கப்பட்டிருக்கின்றன. "அமைச்சு முழுவதற்கும் பத்து வீதம்" என்றால் மழைமானியும் அந்தக் கத்திக்குள் வரும். நூறு சிப்பாய்களின் சாப்பாட்டுச் செலவில் பத்து வீதம் குறைந்தால் அவர்கள் ஒருவாறு சமாளிப்பார்கள். புவியியலாளர் பத்துப் பேர் உள்ள மாவட்டப் பிரிவில் ஒரு வாகனத்துக்கு டீசல் இல்லையென்றால் சரிவுப் பரிசோதனை நின்றுபோகும். ஒரே வீதம் என்பது சமமான வெட்டு போலத் தெரியும். சிறிய பிரிவுக்கு அது ஆளைக் கொல்லும் வெட்டு. முதல் வழியைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது வீதி. கடுகண்ணாவையிலோ கினிகத்தேனையிலோ றம்பொடையிலோ மண் விழுந்தால், பாலம் அடித்துப் போனால், மேலே உள்ள ஊர்கள் தீவாகிவிடும். இங்கே படை தேவை, ஆனால் எந்தப் படை? இரும்புப் பலகங்களைப் பூட்டி அவசரத்துக்கு அமைக்கும் பெய்லி பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகம் 10 அடி நீளம், ஏறத்தாழ 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்கலாம். நூறு அடி இடைவெளிக்கு, ஒரு பலக நீளமுள்ள கண்ணறைகள் பத்து. பக்கத்துக்கு ஒற்றைப் பலகமாகப் போட்டால் 20 பலகம், லொறி போகும் அளவுக்குப் பக்கத்துக்கு இரட்டையாகப் போட்டால் 40. பலகங்கள் மட்டும் பத்துத் தொன்னுக்கு மேல். குறுக்குவிட்டம், தளப்பலகை, ஊசி, உருளை எல்லாம் தனி. ஆள் என்று பார்த்தால் பயிற்சி பெற்ற பொறியியல் படைக்குழு ஒன்று போதும். வேலை பிந்துவது ஆள் குறைவால் அல்ல, பலகம் சமவெளியில் எங்கோ களஞ்சியத்தில் கிடந்து, அதைக் கொண்டுவர வேண்டிய வீதியே மூடிக் கிடப்பதால். ஒரு தொகுதி ஹற்றன் பக்கமும் ஒரு தொகுதி பதுளைப் பக்கமும் மழைக்கு முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். தியத்தலாவையில் இவ்வளவு பெரிய இராணுவ வளாகம் இருக்கும்போது இடமில்லை என்று சொல்ல முடியாது.

வீதி திறக்கும்வரை வானம்தான் வழி. இரண்டாவது வழி இந்த இடத்தில் முறிகிறது. ஹெலிகொப்டரின் இயந்திரத்துக்கும் சுழலிக்கும் பறப்பு மணிநேரமும் ஆண்டும் எண்ணி வைக்கப்பட்டிருக்கும். எது முந்துகிறதோ அப்போது முழுச் செப்பனிடலுக்குப் போக வேண்டும். அதற்கு டொலர் வேண்டும். பணம் பிந்தினால் வானூர்தி கொட்டகையில் நிற்கும். நிற்கும் ஒன்றிலிருந்து பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். கொஞ்ச நாளில் இரண்டும் நிற்கும். கணக்கேட்டில் எண்ணிக்கை அப்படியே இருக்கும், பறக்கக்கூடியது பாதிகூட இருக்காது. மலைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நுவரெலியா உயரத்தில், 1,868 மீற்றரில், காற்றின் அடர்த்தி குறைவு. கடலோரத்தில் தூக்கும் சுமையை அங்கே தூக்காது. மூடுபனி விலகும் ஒரு மணிநேரத்துக்குள் போய்வர வேண்டும். ஆகவே தேவை அதிகமாகும் இடத்திலேயே ஒவ்வொரு பறப்பின் பயனும் குறைகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களைக் கிழித்துப் போட்டு, நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தபோது, இந்தியாவிலிருந்து ஹெலிகொப்டர்கள் வந்தன, பெய்லி பாலங்கள் வந்தன, மகியங்கனையில் கள வைத்தியசாலை அமைந்தது. வந்து நிரப்பியவை எவை என்று பாருங்கள். அவற்றில் காலாட்படை இல்லை.

தோண்டுவது கடைசிக் கட்டம். முதல் மணிநேரத்தில் தோண்டுவது பக்கத்து லயத்து ஆட்கள்தான். பிறகு வரும் படையினரின் உழைப்பு பெரியது, அதைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் இரண்டாவது முறை சரியக்கூடிய மண்ணில் நூற்றுக்கணக்கில் ஆளை ஏற்றவே கூடாது. முதலில் மண் அள்ளும் இயந்திரமான பெக்கோ, மேலே சரிவைப் பார்த்துக் குரல் கொடுக்க ஒருவர், மோப்ப நாய், பிறகு மண்வெட்டியோடு சிறு குழு. இதற்கு இலட்சம் பேர் கொண்ட படை தேவையில்லை. மலை மாவட்டங்களிலேயே நிலைகொண்ட, அதே வேலைக்குப் பயிற்சி பெற்ற சில அணிகள் போதும். படையின் பெரும்பகுதி நிற்பதோ வடக்கிலும் கிழக்கிலும்.

நான்காவது வழியின் இன்னொரு கிளையான விவசாயத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். 2022 ஜூலையில் இராணுவம் 1,500 ஏக்கருக்கு மேல் பயிரிடப் பசுமை விவசாயக் குழு ஒன்றை அமைத்தது. சம்பளமும் சாப்பாடும் பாதுகாப்புத் தலைப்பில் போவதால் அந்த மரக்கறியின் உண்மையான விலை எங்கும் தெரியாது. சந்தையில் நிற்பவனோ நுவரெலியாவின் சிறு விவசாயி, விதையும் உரமும் கடனுக்கு வாங்கியவன்.

ஆளணிக் கணக்கு

மூன்றாவது வழிதான் எங்கள் தேர்வு. ஆனால் அதைச் செய்யும் விதத்தில் பிழை விட்டால் மிச்சம் ஒன்றும் கிடைக்காது.

2023 ஜனவரியில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சு அறிவித்தது இது: இராணுவத்தின் 200,783 என்ற எண் 2024க்குள் 135,000 ஆகவும், 2030க்குள் 100,000 ஆகவும் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. முதல் கேள்வி, வெட்டுவது அங்கீகரிக்கப்பட்ட ஆளணியையா, சம்பளம் வாங்கும் ஆளையா? வெற்றிடமாகக் கிடக்கும் பதவியை நீக்கினால் தாளில் எண் குறையும், திறைசேரிக்கு ஒரு சதமும் மிஞ்சாது.

இரண்டாவது கேள்வி ஓய்வூதியம். சிப்பாய்த் தரத்தில் உள்ளவருக்கு ஓய்வூதியத்துக்கான சேவைக்காலம் பொதுவாக 22 ஆண்டு. போரின் உச்சத்தில், 2006க்கும் 2009க்கும் இடையில், கூட்டம் கூட்டமாகச் சேர்க்கப்பட்டவர்கள் அந்த 22 ஆண்டை முடிப்பது 2028 முதல் 2031 வரை. அதாவது யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல், புதிய ஆட்சேர்ப்பை இறுக்கிப் பிடித்தாலே 2030ஐ ஒட்டி எண் தானாக இறங்கும். அவசரப்பட்டு அதற்கு முன் தள்ளினால் ஓய்வூதியம் இல்லாமல், துப்பாக்கியைத் தவிர வேறு தொழில் தெரியாமல் வெளியே நிற்பார்கள். 2024இல் இலங்கையின் முன்னாள் படையினர் ரஷ்ய-உக்ரைன் போருக்குக் கூலிப்படையாகக் கடத்தப்பட்ட செய்திகள் வந்தன. வெளியேறும் கதவை மட்டும் திறந்துவிட்டு வெளியே வேலைக்கு வழி செய்யாமல் விட்டால் நடப்பது அதுதான். சேவையில் கடைசி இரண்டு ஆண்டில் பெக்கோ ஓட்டம், கொங்கிறீட் வேலை, மின்னிணைப்பு என்று சான்றிதழுடன் ஒரு தொழில் கொடுத்து அனுப்பினால், அதே ஆள் மலையகத்தில் வீடு கட்ட வருவார், கூலி வாங்கிக்கொண்டு.

இப்போது பணம். கணக்கு விளங்குவதற்காக, ஒரு சிப்பாய்க்கு எல்லாம் சேர்த்து மாதம் ஒரு இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேர் குறைந்தால் ஆண்டுக்கு 12 பில்லியன். அதில் பாதி ஓய்வூதியமாகத் திரும்பிப் போகும் என்று கொண்டால் மிச்சம் 6 பில்லியன். ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கொடுக்கும் பணிக்கொடையால் முதல் ஆண்டில் அதுவும் கரைந்துவிடும். இரண்டாம் ஆண்டிலிருந்து, ஒரு வீட்டுக்கு 30 இலட்சம் என்று எடுத்தால், ஆண்டுக்கு 2,000 வீடு. ஏழு பேர்ச்சஸ் காணியில், சரிவு பரிசோதித்து, தனி வீடாக. பத்தாயிரத்துக்கே இவ்வளவு, திட்டத்தில் இருப்பது அதைப்போல் பல மடங்கு.

தள்ளிவிட முடியாத எதிர்வாதம் ஒன்று உண்டு. படையைக் குறைத்தால் நாடு திறந்த வீடாகிவிடாதா என்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத்தாக்குதலைப் பாருங்கள். தாக்குதல் பற்றிய முன்தகவல் இந்தியாவிடமிருந்து ஏற்கனவே வந்திருந்தது. ஆள் போதாமையால் அது நடக்கவில்லை, தகவல் போக வேண்டிய மேசைக்குப் போகாததால் நடந்தது. கடலைப் பாருங்கள். 517,000 சதுர கிலோமீற்றர் பொருளாதார வலயம். 2020இல் நியூ டயமண்ட், 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்று இரண்டு கப்பல்கள் எரிந்தன; போதைப்பொருள் வருவதும் கடல்வழியே. இந்த வேலைக்கு ரோந்துக் கப்பலும், கண்காணிப்பு விமானமும், எரிபொருளும் வேண்டும். கொஸ்ரா ரிக்கா 1948இல் செய்ததுபோல் படையையே கலைத்துவிடலாம் என்பவர்களுக்கும் இதுவே பதில். கருவியில் வெட்டவேண்டியது என்றால் கிபீர் போர்விமானங்கள் இருக்கின்றன: ஐந்தை மேம்படுத்த 2021இல் ஏறத்தாழ 5 கோடி டொலருக்கு உடன்பாடு செய்தார்கள். அதே பணம் ஹெலிகொப்டர் செப்பனிடலுக்குப் போயிருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பாராளுமன்றத்தில் அடுத்த வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் மலையக உறுப்பினர்கள் மதிப்பீட்டுப் புத்தகத்தில் திறக்கவேண்டிய பக்கங்கள் இவை. தலைப்பு 222 இராணுவம்: உண்மையாகச் சம்பளம் வாங்குவோர் எத்தனை, இந்த ஆண்டு ஆட்சேர்ப்பு எத்தனை? தலைப்பு 224 விமானப்படை: பராமரிப்பு வரி போன ஆண்டைவிடக் குறைந்திருக்கிறதா? தலைப்பு 253 ஓய்வூதியத் திணைக்களம்: 222இல் குறைந்தது இங்கே எவ்வளவு கூடியிருக்கிறது? பிறகு தலைப்பு 103, பாதுகாப்பு அமைச்சு: சரிவுப் பரிசோதனைக்கும் மழைமானிக்கும் என்று தனிவரி இருக்கிறதா, இருந்தால் அந்தப் பணம் ஆண்டு முடிவில் செலவழிந்ததா, திரும்பிப் போனதா?